போர்ட்டல் சிரை அழுத்தம்: அடைப்பு என்ற பாதி விளக்கம்

கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏன் ஏறுகிறது? யூடியூப் டாக்டர்களைக் கேட்டாலும் சரி, ஆஸ்பத்திரி சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தாலும் சரி, ஒரே பதில்தான். கல்லீரல் கெட்டியாயிடுச்சு, ரத்தம் உள்ளே போக முடியலை, பின்னாடி தேங்குது, அழுத்தம் ஏறுது. கூடவே நசுங்கின குழாய் ஒன்று, அதற்குப் பின்னால் வீங்கின குழாய் ஒன்று. பார்த்ததும் புரிந்துவிடும். இந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கிற மனக்குறையே அதுதான். ரொம்பச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

தப்பான படம் என்று சொல்ல வரவில்லை. பாதிப் படம். மருத்துவக் கல்லூரிப் பாடநூல்களில் மீதிப் பாதியும் இருக்கிறது; நம்மிடம் வந்து சேர்வதற்குள் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்களே இந்தப் பாதிப் படத்தை முழுசாக நம்பி, ஆயிரக்கணக்கான வயிறுகளைத் திறந்தார்கள். அந்தக் கதையைப் பார்த்தால்தான் படத்தில் என்ன விட்டுப்போனது என்று தெரியும்.

முதலில் இடம். குடலிலிருந்து வரும் சிரையும் மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் சேர்ந்து போர்ட்டல் சிரை ஆகின்றன. நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். உள்ளே வால்வு கிடையாது, அதனால் ரத்தம் எந்தத் திசையிலும் போகலாம். கல்லீரலுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் தள்ளும் மொத்த ரத்தத்தில் இது கால் பங்கு. இதில் முக்கால்வாசி போர்ட்டல் சிரை வழியாகவும் கால்வாசி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. ஆக்சிஜன் கணக்கில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதி.

உடம்பில் மற்ற உறுப்புகளைப் போல இது இல்லை. தமனி ரத்தம் குடலுக்குள் ஒரு முறை நுண்குழாய்களாகப் பிரிந்து, சேர்ந்து, கல்லீரலுக்குள் மறுபடியும் நுண்குழல்களாகப் பிரிகிறது. முதல் வலையிலேயே அழுத்தம் பெரும்பாலும் தீர்ந்துபோய்விடுகிறது. பெருந்தமனியில் சராசரி 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும் அழுத்தம், போர்ட்டல் சிரைக்கு வரும்போது பத்துக்குள் அடங்கிவிடும். கல்லீரலைக் கடப்பதற்குத் தேவைப்படும் அழுத்த வேறுபாடு வெறும் 1 முதல் 5. இது 5-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்று பெயர். 10-க்கு வந்தால் உணவுக்குழாயில் சிரைகள் புடைக்கவும் வயிற்றில் நீர் கோக்கவும் வழி பிறக்கிறது. 12-க்கு மேல் போனால் புடைத்த சிரை உடைந்து ரத்த வாந்தி வரலாம். கையில் பட்டை கட்டி அளக்கும் 120, 140 என்ற எண்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் அற்பமாகத் தெரியும். அந்த அற்ப எண்ணில்தான் உயிர் இருக்கிறது.

இப்போ எளிமையான கணக்கு ஒன்று. அழுத்த வேறுபாடு என்பது வரத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது. வரத்து என்றால் எவ்வளவு ரத்தம் வருகிறது. தடை என்றால் வழி எவ்வளவு இறுகியிருக்கிறது. குழாய்ப் படம் இதில் தடையை மட்டும் காட்டுகிறது. வரத்து மாறாது என்று சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிறது.

அடைப்புக் கோட்பாட்டுக்கு முன்னால் இதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. இத்தாலியில் ஃப்ளோரன்ஸைச் சேர்ந்த குவீடோ பான்டி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நோய் மண்ணீரலில்தான் தொடங்குகிறது, அங்கிருந்து வரும் நச்சுதான் கல்லீரலைக் கெடுக்கிறது என்றார். அப்புறம் 1928-இல் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இறந்தவர்களின் கல்லீரல்களுக்குள் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். நல்ல கல்லீரலில் போர்ட்டல் சிரை வழியாக விட்டது கல்லீரல் சிரை வழியாக வெளியே வந்தது. சிரோசிஸ் வந்த கல்லீரலில் பெரும்பகுதி வேறு வழிகளில் ஓடிவிட்டது. (இரண்டாம் உலகப் போரில் முகம் கருகிப்போன விமானிகளுக்குப் புது முகம் கொடுத்துப் புகழ்பெற்றாரே, அதே மெக்கிண்டோதான்.) 1945-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிளும் அவரோடு இருந்தவர்களும் இதை முடிந்த முடிவாக்கினார்கள். எல்லாமே அடைப்பு, கல்லீரலுக்கு உள்ளே ஒரு வகை, வெளியே ஒரு வகை. பான்டியின் மண்ணீரல் ஓரங்கட்டப்பட்டது. அடைப்பு என்றால் வைத்தியம் தானே வந்துவிடும்: அடைப்பைச் சுற்றி ஒரு புறவழி போடு. போர்ட்டல் சிரையை நேராகக் கீழ்ப் பெருஞ்சிரையோடு தைத்துவிடு. போர்ட்டோகேவல் ஷன்ட் என்று இதற்குப் பெயர்.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1877-லேயே ரஷ்யாவில் நிக்கொலாய் எக் எட்டு நாய்களுக்கு இதைச் செய்தார். ஏழு ஒரு வாரத்துக்குள் செத்தன. எட்டாவது இரண்டரை மாசம் இருந்துவிட்டு ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடிப்போனது. அந்த ஓடிப்போன நாயை நம்பி, மனிதர்களுக்கும் செய்யலாம் என்று எழுதினார் எக். 1893-இல் பாவ்லோவ் (மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்தவர்தான், ஆனால் இது அதற்கு முந்தைய காலம்) தன் சகாக்களோடு இதே அறுவையைச் செய்து, நாய்களைச் சாக விடாமல் காப்பாற்றிக் கவனித்தார். கறி சாப்பிட்டதும் அந்த நாய்கள் மாறிப்போயின. சிடுசிடுத்தன, தள்ளாடின, வலிப்பு வந்தது, நினைவு தப்பின. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைக் கடக்காமல் நேராகப் பொது ஓட்டத்தில் கலந்தால் மூளை தாங்காது என்பது அப்போதே பதிவாகிவிட்டது.

அடைப்புப் படத்தில் இந்த நாய்களுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பக்கவாட்டில் வெட்டிவிட்டால் போதும் என்கிறது படம். வயலுக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கல்லீரல் கெட்டுப்போயிருந்தாலும், மிச்சமிருக்கும் செல்கள் பிழைப்பது பெரும்பாலும் போர்ட்டல் ரத்தத்தில்தான். அந்த வரத்து குறைந்தால் கல்லீரல் தமனி விரிந்து கொஞ்சம் ஈடுகட்டும், ஆனா முழுசாக முடியாது. அதோடு உணவுச் சத்துகளையும் கணையத்தின் இன்சுலினையும் முதல் கையாக வாங்கும் இடம் கல்லீரல். ஷன்ட் அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுகிறது.

விளைவும் அப்படியே வந்தது. உடைந்த சிரைகளில் ரத்தக்கசிவு நிஜமாகவே குறைந்தது. ஆனால் நோயாளிகள் குழம்பிப் பேசினார்கள், ராத்திரி பகல் தெரியாமல் தூங்கினார்கள், கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ரத்தம் வாந்தியெடுக்காமலேயே இறந்தார்கள் என்பதுதான் ஒரே வித்தியாசம். இன்னும் கசியாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகச் செய்த ஷன்ட்களில் இது பளிச்சென்று தெரிந்தது.

தெரிந்தது என்கிறேனே, யாருக்குத் தெரிந்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அட்டவணை வருகிறது. 1966-இல் கிரேஸ், மியூன்ஷ், சாமர்ஸ் என்ற மூவர் அதுவரை வந்த 51 ஷன்ட் ஆய்வுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி நடத்தப்பட்டது, எழுதியவருக்கு இந்த அறுவை மேல் எவ்வளவு உற்சாகம் என்று வகைபிரித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவே இல்லாத ஆய்வுகள் 32. அதில் 24 ஒரேயடியாகப் புகழ்ந்தன, 7 மிதமாகப் புகழ்ந்தன, ஒன்றுதான் பலனில்லை என்றது. ஒப்பீட்டுக் குழு உண்டு, ஆனால் யாருக்கு அறுவை என்பதை மருத்துவரே முடிவு செய்தார் என்ற வகையில் 15. அதில் 10 புகழ்ந்தன, 3 மிதம், 2 இல்லை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து முறையாக நடத்தியவை வெறும் 4. அவற்றில் புகழ்ந்தது ஒன்றுகூட இல்லை. ஒன்று மிதம், மூன்று இல்லை.

ஃப்ரீட்மன், பிசானி, பர்வஸ் எழுதிய புள்ளியியல் பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்த அட்டவணை வருவதால், மருத்துவம் படிக்காதவர்கள் பலருக்கும் இது பழக்கம். அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. அறுவை செய்துகொண்டவர்களில் மூன்று வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள், குலுக்கல் ஆய்வுகளில் சுமார் 60 சதவீதம். குலுக்காத ஆய்வுகளிலும் அதே 60. அறுவை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில்தான் மாற்றம். குலுக்கல் ஆய்வில் அவர்களும் 60. குலுக்காததில் 45. அதாவது ஷன்ட் யாரையும் கூடுதலாகப் பிழைக்க வைக்கவில்லை. அறுவையைத் தாங்குகிற தெம்புள்ளவர்களை மேசைக்கு எடுத்துக்கொண்டு, தெம்பில்லாதவர்களை ஒப்பீட்டில் வைத்ததால் அப்படித் தெரிந்தது.

இந்த அட்டவணையின் மேலும் ஒரு விமர்சனம் உண்டு. இது மருத்துவர்களின் உற்சாகத்தைத்தான் அளக்கிறது. அறுவை ஏன் தோற்றது என்று சொல்வதில்லை. புள்ளியியல் வகுப்பில் இதைக் 'குலுக்கல் ஏன் முக்கியம்' என்ற பாடமாக நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சரியான பாடம்தான். ஆனால் 32 ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு வைக்கத் தோன்றாததற்கு ஒரு காரணம், அந்த அறுவை 'கட்டாயம் வேலை செய்யும்' என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. குழாய் அடைத்திருக்கிறது, வழி திறந்தோம், அழுத்தம் இறங்கியதை அளந்தும் பார்த்தோம். இதற்கு மேல் எதைச் சோதிப்பது? படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் கேள்வியே எழவில்லை.

சரி, விட்டுப்போன வரத்துக்கு வருவோம். அடைப்புக் கோட்பாட்டை உறுத்தியிருக்க வேண்டிய ஒரு சங்கதி நோயாளியின் உடம்பிலேயே இருந்தது. அழுத்தம் ஏறினால் உடம்பு தானே புறவழிகள் போட்டுக்கொள்கிறது. இரைப்பையிலிருந்து உணவுக்குழாய் வழியாக, தொப்புளைச் சுற்றி, ஆசனவாய்ப் பக்கமாக என்று பல வழிகள். முற்றிய நோயில் போர்ட்டல் ரத்தத்தில் பெரும்பங்கு இப்படியே ஓடிவிடும். அப்படியானால் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும் இல்லையா? இறங்குவதில்லை. கண்மாய் மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கலிங்கு வழியாக வழியும், மட்டம் அதோடு நிற்கும். கண்மாய் மழையைக் கூப்பிடாது. உடம்பு கூப்பிடுகிறது.

1980-களின் தொடக்கத்தில் ராபர்ட்டோ குரோஸ்மனும் சகாக்களும் எலிகளில் இதைக் காட்டினார்கள். எலியின் போர்ட்டல் சிரையைப் பாதி இறுகும்படி கட்டினார்கள். முதலில் அழுத்தம் ஏறியது அடைப்பால்தான். சில நாளில் புறவழிகள் திறந்து, போர்ட்டல் ரத்தம் ஏறக்குறைய முழுக்கவே அவற்றின் வழியாக ஓட ஆரம்பித்தது. ஆனாலும் அழுத்தம் குறையவில்லை. காரணம், குடலுக்கும் மண்ணீரலுக்கும் போகும் தமனிகள் விரிந்து, உள்ளே வரும் ரத்தம் கூடியிருந்தது. தொடங்கிவைத்தது தடை, நீடிக்க வைத்தது வரத்து.

இதன் உள்விவரம் அப்புறம் தெளிவானது, அதுவும் விசித்திரமாக. ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, சிரோசிஸில் கல்லீரலுக்குள் தேவையைவிடக் குறைவாகச் சுரக்கிறது. குடல் தமனிகளில் தேவைக்கு மேல் சுரக்கிறது. உள்ளே இறுக்கம், வெளியே தளர்ச்சி. உள்ளிருக்கும் இறுக்கமும் முழுக்கத் தழும்பு இல்லை. நுண்குழல்களைச் சுற்றியுள்ள ஸ்டெல்லேட் செல்கள் தசை மாதிரிச் சுருங்கி வழியை நெரிக்கின்றன. கூடிய தடையில் கால் பங்கு அளவுக்கு இப்படி இறுகித் தளரக்கூடியது என்பது பொதுவான மதிப்பீடு. ஆக, குழாய்ப் படத்தின் 'கெட்டியான குழாய்'கூட அவ்வளவு கெட்டி இல்லை. வெளியே தமனிகள் தளர்ந்ததால் பொது ரத்த அழுத்தம் இறங்குகிறது, ரத்தம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, குடலுக்கு இன்னும் ரத்தம் போகிறது. வயிற்றில் நீர் கோப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

வரத்து என்ற பாதி மறந்துபோகாமல் இருந்திருந்தால் மாத்திரை முன்னாலேயே வந்திருக்குமா என்று யோசிப்பதுண்டு. பிரான்ஸில் க்ளிஷியில் திதியே லெப்ரெக்கும் சகாக்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் 74 நோயாளிகள். எல்லோரும் ஒரு முறை ரத்தம் கக்கித் தேறியவர்கள். பாதிப் பேருக்கு ப்ரொப்ரனலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரை. ஒரு வருஷம் கழித்து, மாத்திரை சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு மறுபடி கசியவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 50 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை, ஆனால் பலன் நிலைத்தது. இந்த மாத்திரை எந்த அடைப்பையும் திறக்கவில்லை. இதயம் தள்ளுவதைக் குறைத்து, குடல் தமனிகளைச் சுருக்கி, வரத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். இன்றைக்கு இதன் இடத்தில் பெரும்பாலும் கார்வெடிலால் வந்துவிட்டது. அது வரத்தோடு உள் இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தும். ரத்தக்கசிவு நடந்துகொண்டிருக்கும்போது ஊசியாகப் போடும் டெர்லிப்ரெசினும் குடல் தமனியைச் சுருக்குவதுதான்.

ஷன்ட் ஒழிந்துவிடவும் இல்லை. கழுத்துச் சிரை வழியாகக் கம்பியை விட்டு, கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்ட் வைத்து வழி திறக்கும் 'டிப்ஸ்' முறையை 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார்கள். கசிவு திரும்பும் ஆபத்து மிக அதிகம் என்று தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, சில நாளுக்குள் டிப்ஸ் வைத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2010-இல் பார்சலோனா குழு தலைமையிலான குலுக்கல் ஆய்வு காட்டியது. ஆகவே அடைப்பைச் சுற்றிப் போவது என்ற யோசனையே மோசம் என்று சொன்னால் அதுவும் பாதிப் பேச்சு. யாருக்கு, எந்த அளவு, கல்லீரலில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்ற கேள்விகளோடு அது திரும்பி வந்திருக்கிறது. மூளைக் குழப்பம் இன்றும் கூடவே வருகிறது. பாவ்லோவின் நாய்கள் சொன்னது மாறவில்லை.

குழாய்ப் படம் செய்யும் இன்னொரு தீங்கு நம்ம ஊருக்கு நெருக்கமானது. அடைப்பு என்றால் கெட்டுப்போன கல்லீரல், கெட்டுப்போன கல்லீரல் என்றால் குடி. ரத்த வாந்தி எடுத்தவர் வீட்டுக்குத் திரும்பும்போது இந்தச் சங்கிலி அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கும். குடி பெரிய காரணம், சந்தேகமில்லை. ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் எல்லாமும் காரணங்கள். ஆனால் சிரோசிஸே இல்லாமலும் இந்த அழுத்தம் ஏறும், அதில் இந்தியாவுக்கு ஒரு பழைய வரலாறே உண்டு. 1960-களில் கல்கத்தாவில் பாயரும் சென் குப்தாவும் சகாக்களும் இப்படிப்பட்ட நோயாளிகளை விவரித்தார்கள். மண்ணீரல் பெரிதாகி, ரத்தம் கக்கி வந்தவர்கள். கல்லீரலோ ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. உள்ளே போர்ட்டல் சிரையின் சிறு கிளைகள்தான் கெட்டிருந்தன. இந்தியாவில் இதற்கு சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் நார்த்தழும்பு என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் காரணம் தெரியாத போர்ட்டல் உயர் அழுத்தம் என்றார்கள். அமெரிக்காவில் வேறொரு பெயர். காரணம் தெரியாத சிரோசிஸ் என்று எண்ணப்பட்டவர்களின் கல்லீரல் திசுவை வேலூர் சிஎம்சியில் பரிசோதித்தபோது, கணிசமான பேருக்கு சிரோசிஸே இல்லை, இந்த வகைதான் என்று 2009-இல் எழுதினார்கள். எகிப்தில் வேறு கதை: நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியாப் புழுவின் முட்டைகள் இதே சிறு கிளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஊசி போட்ட பழைய அரசுத் திட்டத்தில், சரியாகக் கொதிக்க வைக்காத ஊசிகளால் ஹெபடைடிஸ் சி பரவி, நாட்டுக்கே சிரோசிஸையும் கொண்டுவந்தது தனித் துயரம்.

இந்த வகைகளில் கல்லீரல் வலுவாக இருப்பதால் கணக்கே வேறு. ரத்தம் கக்கினாலும் தாங்குவார்கள், அறுவையையும் தாங்குவார்கள். குழந்தைகளுக்கு வருவது இன்னும் தெளிவான உதாரணம். கல்லீரலுக்கு வெளியிலேயே போர்ட்டல் சிரை அடைத்துப்போயிருக்கும். சிலருக்குப் பிறந்த புதிதில் தொப்புளில் வந்த சீழ்த்தொற்று காரணம், பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ரத்தம் கக்கும். வயிற்றைத் தொட்டால் மண்ணீரல் தட்டுப்படும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'கல்லீரல்ல ஒண்ணும் இல்லை' என்று நிம்மதியாகத் திருப்பி அனுப்பினால், அடுத்த கசிவு வரைதான் அந்த நிம்மதி. உண்மையில் இங்கேதான் குழாய்ப் படம் அதிகபட்சம் பொருந்துகிறது: அடைப்பு நிஜம், அதுவும் ஒரே இடத்தில். டெல்லி போன்ற இடங்களில் மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைக்கும் ஷன்ட்கள் இந்தக் குழந்தைகளுக்கு நல்ல பலன் தந்திருக்கின்றன. சிரோசிஸ்காரர்களைப் பாடாய்ப் படுத்திய அதே குடும்பத்து அறுவைதான்.

1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஜான் த வீல் த குவாயே இதை இன்னும் ஒரு படி மாற்றினார். குழந்தையின் கழுத்திலிருந்து ஒரு சிரைத் துண்டை எடுத்து, ஒரு முனையைக் குடல் சிரையிலும் மறுமுனையைக் கல்லீரலுக்குள் இருக்கும் இடது போர்ட்டல் கிளையிலும் தைத்தார். மீசோ-ரெக்ஸ் என்று பெயர். இதுவும் புறவழிதான், ஆனால் அடைத்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு ரத்தத்தைக் கல்லீரலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அழுத்தமும் இறங்குகிறது, கல்லீரலுக்கும் அதன் ரத்தம் கிடைக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் முடியாது. உள்ளே அந்த இடது கிளை திறந்திருக்க வேண்டும், அதைப் படமெடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.